ரேவதி சுழலும்போது மாஸ்டில் ஏறாதே

கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில், ஹூக்ளிக் கரையில் கட்டப்பட்ட போர்க்கப்பல் ஐ.என்.எஸ். கமோர்ட்டா. 2014 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்த அதன் ரேடாருக்கு அழகான பெயர்: ரேவதி. ரேவதி வீசும் நுண்ணலையும் நம் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் அலையும் ஒரே அலைவரிசைக் குடும்பம்தான்.

ரேடார் ஓடும்போது அதன் எதிரே மாஸ்டில், அதாவது கப்பலின் உயர்ந்த கம்பத்தில், ஆள் ஏறக்கூடாது என்பது கப்பல்களில் கண்டிப்பான விதி. ஏன்?

பதில் நம் உடலின் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரில் இருக்கிறது. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின். அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில் மின்புலம் விநாடிக்கு 245 கோடி முறை அலைகிறது. அதன் இழுப்புக்கெல்லாம் திரும்பப் பார்க்கும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முட்டி உரசுகின்றன. செல் சூடாகிறது.

சூட்டில் முதலில் குலைவது புரதம். மடிப்புக் கலையாமல் இருந்தால்தான் அது வேலை செய்யும். வாணலியில் வெள்ளைக்கரு வெளுத்து இறுகுகிறதே, அதுதான் மடிப்புக் கலைவது. செல்லும் சும்மா இருப்பதில்லை. ‘வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை’ உண்டாக்கி, கலைந்ததை மீண்டும் மடிக்கப் பார்க்கிறது. சூடு எல்லை மீறினால் சவ்வு கசியும், செல் சாகும்.

உடலில் மிகவும் பாவப்பட்டது கண் வில்லை. சூட்டை வாங்கிக்கொண்டு போக அங்கே ரத்தக் குழாயே கிடையாது. முயல்களின் கண்ணில் கடும் நுண்ணலையைச் செலுத்திய சோதனைகளில், வில்லையின் புரதங்கள் திரண்டு கண்புரை உண்டானது.

டி.என்.ஏ.வை எக்ஸ் கதிர் போல இது அறுக்குமா? அறுக்காது. வேதிப் பிணைப்பை உடைக்கத் தேவையான ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்குகூட நுண்ணலையின் ஒரு ஃபோட்டானுக்கு இல்லை. ஆனாலும் 2011இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் நுண்ணலையும் அடங்கிய ரேடியோ அலைகளை ‘புற்றுநோய் தரக்கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்தது. அப்போது கிடைத்திருந்த சான்றுகள் குறைவானவை என்றும் சொன்னது. இந்தியா 2012 செப்டம்பரில் செல்போன் கோபுரங்களுக்கான கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது.

இதே கொல்கத்தாவின் டவுன் ஹாலில்தான் 1895இல் ஜகதீஷ் சந்திர போஸ் கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவர் தாண்டி அனுப்பி மணியடிக்க வைத்தார். அந்த அலை இன்று ஊரெங்கும் இருக்கிறது. தொலைவு இரட்டித்தால் அதன் செறிவு நாலில் ஒன்றாகிவிடும் என்பதால், தெருக்கோடிக் கோபுரத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது அதன்மேல் ஏறி, ஆன்டெனாவின் முகத்துக்கு நேரே நின்று போல்ட் முடுக்கும் தொழிலாளியைப் பற்றித்தான். அவர் ஏறும் முன் ஆன்டெனாவை அணைத்தாக வேண்டும். அவர் இறங்கும்வரை யாரும் அதை இயக்கக் கூடாது.