தடுப்பாட்டக்காரர் வென்று தந்த கோப்பை

ஆனைமலையில் மாலை நேரத்தில் கால்பந்து விளையாடும் பிள்ளைகளைக் கேட்டால், எல்லாருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. தடுப்பாட்டத்துக்கு நிற்கிறவர் பெயர் யாருக்கு நினைவிருக்கும்?

2018-19 ஐ-லீக் கால்பந்துப் பருவத்தில் சென்னை சிட்டி அணிக்குச் சொந்த மைதானம் நம் கோவை நேரு ஸ்டேடியம். அந்தப் பருவத்தில் அந்த அணிக்காக 21 கோல் அடித்த பெட்ரோ மான்சியின் பெயர்தான் எங்கும் ஒலித்தது.

2019 மார்ச் 9. கடைசி ஆட்டம். வென்றால் கோப்பை. தவறி, ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தில் வென்றால் கோப்பை அந்த அணிக்கு. முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே முதல் கோலைப் போட்டுவிட்டது. பெனால்டியில் மான்சி சமன் செய்தார். அதன்பின் இரண்டு கோல்களையும் அடித்தவர் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா! ஆட்டம் 3-1. 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி சாம்பியன். ஈஸ்ட் பெங்காலுக்கு 42.

அன்று கோல் அடித்ததால் போராவின் பெயர் வெளியே வந்தது. பருவம் முழுக்க எதிரணியின் கோல்களைத் தடுத்ததற்குக் கணக்குப் பலகையில் இடமில்லை. அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஒரு தடுப்பாட்டக்காரரை மட்டும் கவனியுங்கள்.