இரைப்பைப் புற்றும் கிருமியொழிப்பும்

நோயை அறிந்த அளவில் அமையாது அதன் முதலையும் ஆராய்தல் வேண்டுமென்பது வள்ளுவர் வகுத்த நெறி. இரைப்பைப் புற்றின் முதல் யாதென்னும் வினாவிற்கு விடை அண்மைக் காலத்திலேயே கிடைத்தது. இரைப்பையின் கடும் அமிலத்தில் எக்கிருமியும் நிலைத்து வாழாதென்றே அறிஞர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொறன், பரி மார்ஷல் என்னும் மருத்துவர் இருவர், ஆங்கு வாழும் சுருள்வடிவக் கிருமியொன்றை 1982இல் வளர்த்துக் காட்டினர். ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்பது அதன் பெயர். அவ்விருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கிருமி பெரும்பாலும் இளமையிலே புகுந்து, பல்லாண்டுகள் இரைப்பையின் உட்சவ்வை அழற்றுகின்றது. அழற்சி நீடிக்கச் சவ்வு தேய்கின்றது. தேய்ந்தவிடத்திற் சிலர்க்குப் புற்று அரும்புகின்றது.

இந்நோய் மிகுந்த யப்பானே இதன் ஆராய்ச்சிக்குச் சிறந்த களமாயிற்று. 2001இல் வெளிவந்த ஆய்வொன்றிற் கிருமியுடைய 1,246 பேருள் 36 பேருக்குப் புற்றுத் தோன்றியது. கிருமியற்ற 280 பேருள் ஒருவருக்கேனும் தோன்றவில்லை. எனின், கிருமியை ஒழித்தாற் பயனுண்டோ? தொடக்கநிலைப் புற்று அகற்றப்பெற்ற 544 பேரை அந்நாட்டார் இரு சமகூறாக்கி, ஒரு கூற்றினருக்கு மட்டும் கிருமியொழிப்பு மருந்தளித்தனர். 2008இல் வெளிவந்த முடிபின்படி, மூன்றாண்டுகளில் மருந்து பெற்றோருள் 9 பேருக்கும், பெறாதோருள் 24 பேருக்கும் மீண்டும் புற்றுத் தோன்றியது.

ஆகவே, மருந்தால் அபாயம் குறைகின்றதேயன்றி முற்றும் ஒழிவதில்லை. முன்னரே தேய்ந்த சவ்வு முழுதும் பழைய நிலையை எய்தாமையே இதற்குக் காரணம். அன்றியும், மருந்துண்டபின் தோன்றும் புற்றின் தோற்றமும் வேறு. மருந்துண்ணாதோரிடம் அது பெரிதாகவும் மேடிட்டும் காணப்படுதல் மிகுதி. உண்டோரிடமோ அது பெரும்பாலும் சிறிதாய், சற்றுக் குழிந்து, செந்நிறம் பெற்றிருக்கும். அதன் மேற்பரப்பை இயல்பான கலங்களையொத்த கலங்கள் போர்த்தலும் உண்டு. எனவே, கமராக் குழாய் செலுத்தி நோக்கும் மருத்துவரின் கண்ணுக்கும் அது எளிதிற் புலப்படாது. "கிருமி ஒழிந்தது, இனி அச்சமில்லை" என்று, சவ்வு மிகத் தேய்ந்தோர் பரிசோதனையைக் கைவிடலாகாது என்பதன் பொருள் இதுவே.

இலங்கையில் ஆடவரிடை முதன்மை பெறுவது வாய்ப்புற்று. இரைப்பைப் புற்று அத்துணை மிகுதியன்று. எனினும், கலவான போன்ற தோட்டப்புறங்களில் வயிற்றெரிவைக் "கேஸ்" என்றுரைத்து, கடையில் வாங்கிய குளிகையாற் காலங்கழிப்போர் உளர். உடல் மெலிதல், மலங் கறுத்தல், ஓயாத வாந்தி, விழுங்குதற்கு இடர் ஆகியவை தோன்றின் தாமதியாது வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். கிருமியொழிப்பு மருந்தையும் நோவு தணிந்தவுடன் நிறுத்தாது, விதித்த நாள்முழுதும் உண்டல் வேண்டும். கற்ற மாணவர் இவற்றைத் தம் இல்லத்தாருக்கும் அயலாருக்கும் எடுத்துரைப்பாராயின், அக்கல்வி பல உயிர்களைக் காக்கும்.