பத்து இராகங்களும் ஒரு வெள்ளிநிறப் பெட்டியும்

மாவடிப்பள்ளியிலிருந்து கல்முனைக்கு முச்சக்கர வண்டியிற் செல்வோர், சாரதி இளைஞராயிருந்தால், பின்னாசனத்தின் அடியிலிருந்து எழும் ஓர் ஓசைக்குத் தப்ப முடியாது. ‘தும், தும், தும், தும்’ என்று நிறுத்தமின்றி நெஞ்சில் வந்து மோதும் தாளம் அது. இதுவும் ஓர் இசையா என்று முதியோர் வெறுப்பர். மேனாட்டார் தந்த சத்தம் என்று வேறு சிலர் ஒதுக்குவர். இவ்விரு கூற்றுக்களுள் இரண்டாவது எவ்வளவு தூரம் மெய் என்பதை ஆராய்வதற்கு அண்மைக் காலத்தில் வெளிவந்த சில தொகுப்பு இசைத்தட்டுக்கள் நமக்கு உதவுகின்றன.

இவ்விசைக்கு ‘ஹவுஸ்’ என்று பெயர். வீடு என்ற பொருளில் அன்று. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1977ஆம் ஆண்டு ‘வெயர்ஹவுஸ்’, அதாவது பண்டகசாலை, என்ற பெயருடன் ஒரு நடன மண்டபம் திறக்கப்பட்டது. அங்கே இசைத்தட்டுக்களைச் சுழற்றியவர் பிரெங்கி நக்கிள்ஸ் என்னும் கறுப்பின இளைஞர். வந்து கூடியோரிற் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும், இலத்தீன் அமெரிக்கருமாவர். ஏனைய மண்டபங்களின் வாசல்கள் அவர்களுக்கு எளிதில் திறவா. 1979ஆம் ஆண்டு ஜூலை 12ஆந் திகதி அதே நகரின் விளையாட்டு மைதானமொன்றில் ‘டிஸ்கோ’ இசைத்தட்டுக்களைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தனர் அவ்விசையை வெறுத்தோர். பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. கைவிடப்பட்ட அதனை எடுத்து, வெட்டி, ஒட்டி, இயந்திரத் தாளம் சேர்த்து வளர்த்தவர்கள் இந்த எளிய மக்களே.

தாளத்தின் இலக்கணம் மிகச் சுருக்கமானது. நான்கு மாத்திரை கொண்ட ஒவ்வோர் ஆவர்த்தத்திலும் நான்கு அடி. ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 120 அடி. நமது கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களிற் பொல்லடி ஆடக் கண்டவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகப் படாது. வட்டமாக நின்று கோலோடு கோல் மோதும்போதும் தாளமே தலைமை வகிக்கிறது; பாட்டு அதன்மேல் ஏறிச் செல்கிறது. இரண்டிற்கும் உறவுண்டு என்று நாம் வாதிக்க வரவில்லை. மனிதனின் காலும் கையும் எங்கும் ஒன்றுதான் என்ற அளவிலேயே சொல்கிறோம்.

இனி அந்தப் பெட்டியின் கதைக்கு வருவோம். யப்பானின் ‘ரோலண்ட்’ நிறுவனம் 1981ஆம் ஆண்டில் டீ.பி.-303 என்ற சிறிய, வெள்ளிநிற மின்வாத்தியத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. தனியே கிற்றார் பழகுவோனுக்குப் பக்கத்துணையாகக் கீழ்ச்சுருதி இசைக்கும் கலைஞன் ஒருவனின் வேலையை அது செய்ய வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் அதன் ஒலி மெய்யான கிற்றாரை ஒத்திருக்கவில்லை. சுரங்களைப் பதிக்கும் முறையோ பெருந் தொல்லை. வாங்குவாரின்றி 1984ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றது. பழைய பொருட் கடைகளில் மலிவாகக் கிடந்த அப்பெட்டியைச் சிக்காகோ இளைஞர் மூவர் வாங்கினர். ‘ஃபியூச்சர்’ என்பது அவர்களுடைய குழுவின் பெயர். சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகினர். வழுக்கி, நெளிந்து, கீச்சிட்டு ஒரு புதிய ஒலி பிறந்தது. ‘அசிட் டிராக்ஸ்’ என்ற பெயரில் 1987ஆம் ஆண்டில் அது தட்டாக வெளிவரவே, ‘அசிட் ஹவுஸ்’ என்றொரு கிளையே தோன்றிவிட்டது.

வரலாறு இவ்வாறே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. அதனைச் சிறிது திருத்தியெழுதச் செய்தவர் பம்பாயின் சரண்ஜித் சிங்.

இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாத்தியம் வாசித்தவர் அவர். இலங்கை வானொலியின் இந்திப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நம் தலைமுறையினர், பெயர் அறியாமலே அவருடைய விரல்களின் வேலையைப் பலமுறை கேட்டிருப்பர். சிங்கப்பூர் சென்றபோது ரோலண்ட் நிறுவனத்தின் கருவிகளை வாங்கிவந்தார். டீ.பி.-303 கீழ்ச்சுருதிக்கு, டீ.ஆர்.-808 தாளத்திற்கு, ஜூபிட்டர்-8 இராக ஆலாபனைக்கு. இம்மூன்றையும் இணைத்து 1982ஆம் ஆண்டில், டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள் என்னும் பொருள்படும் தலைப்புடன் ஓர் இசைத்தட்டை உருவாக்கினார். எச்.எம்.வி. நிறுவனம் வெளியிட்டது. பைரவ், பூபாளி, யமன், மால்கௌன்ஸ் ஆகியன அப்பத்தினுள் அடங்கும். கருநாடக இசை பயிலும் மாணவர்க்கு முறையே மாயாமாளவகௌளை, மோகனம், கல்யாணி, இந்தோளம் என்றால் விளங்கும். விடியற்காலை இராகமான பைரவை நள்ளிரவு நடனத் தாளத்தில் அமைத்தமை பண்டிதர்களுக்கு உவப்பாயிராது. ஆயினும் இராகத்தின் சுரங்களை அவர் சிதைக்கவில்லை. தம்புராவின் இடையறாத சுருதி நிற்கும் இடத்தில் இயந்திரத்தின் இடையறாத ஓட்டத்தை நிறுத்தினார். எமது எளிய செவிக்கு அந்த ஒட்டு நன்றாகவே பொருந்துகிறது.

தட்டு விலைபோகவில்லை. இருபது ஆண்டுகளின்பின், 2002ஆம் ஆண்டில், எடோ பௌமன் என்னும் ஒல்லாந்து சேகரிப்பாளரின் கையில் டில்லியில் ஒரு பிரதி அகப்பட்டது. அவர் 2010ஆம் ஆண்டில் தமது ‘பொம்பே கனெக்ஷன்’ வெளியீடாக அதனை மீளப் பதிப்பித்தார். ஐரோப்பாவில் வியப்பு மூண்டது. எவரோ செய்த போலி என்று ஐயுற்றோரும் உண்டு. அசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இவரே என்று வேறு சிலர் முழங்கினர். இம்முழக்கம் மிகையானது என்பது எம் கருத்து. விற்காத அத்தட்டைச் சிக்காகோ இளைஞர் கேட்டிருந்தனர் என்பதற்குச் சான்றில்லை. ஒரே கருவி இரு கண்டங்களில் இருவேறு கைகளிற் சேர்ந்தது. இருவரும் அதனைச் செய்தவர் எண்ணாத வழியிற் செலுத்தினர். இதுவே போதிய பெருமை. எழுபது வயதைக் கடந்த சரண்ஜித் சிங், தாம் மறந்தேபோன பத்து இராகங்களை ஐரோப்பிய மேடைகளில் இசைத்துவிட்டு, 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் மறைந்தார்.

தொகுப்புக்களின் பயன் இத்தகையது. 1986ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியான சிக்காகோத் தொகுப்பு அவ்விசையைக் கடல் கடக்கச் செய்தது. 1988ஆம் ஆண்டில் வந்த டெட்ரோயிட் தொகுப்போ ‘டெக்னோ’ என்ற பெயரையே நிலைநாட்டிற்று. நம் இளையராஜாவின் மின்னிசையையும் ‘சொல்ல சொல்ல’ என்று பெயரிட்டுப் பிரித்தானிய நிறுவனமொன்று தொகுத்தது. இவ்வேளை நம்மூர் அலுமாரிகளிற் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கும் ஒலிநாடாக்கள் நினைவிற்கு வருகின்றன. பொல்லடிப் பாட்டும், பக்கீர்மாரின் றபான் ஓசையும் அவற்றில் இருக்கலாம்; உறையிற் பாடியவர் பெயர் பெரும்பாலும் இராது.

ஆனால் தொகுப்பில் ஏறிவிட்டாற் கலைஞனுக்குக் கூலி கிட்டிவிடும் என்று எண்ணிவிடலாகாது. சிக்காகோவின் ஆரம்பகாலப் பாடல்களிற் பலவற்றை வெளியிட்டது ‘டிரக்ஸ்’ என்ற நிறுவனம். அதன் தட்டுக்கள் உலகமெங்கும் மீண்டும் மீண்டும் தொகுக்கப்பட்டன. லெறி ஹேர்ட் என்பவர் 1986ஆம் ஆண்டில் ஆக்கிய ‘கான் யூ ஃபீல் இற்’ அவற்றுள் தலைசிறந்தது. ஆரவாரமற்ற, மென்மையான ஆக்கம். தமக்குரிய பணம் வரவில்லை என்று அவரும் பாடகர் றொபேட் ஓவென்ஸும் 2020ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். ஈராண்டுகளின்பின் வழக்கு இணக்கமாக முடிந்தது. தம் பாடல்களின் உரிமை அவர்களுக்கே மீண்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் வேறு பன்னிரண்டிற்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதே நிறுவனத்தின்மீது வழக்கிட்டனர். அவர்களில் ஒருவரான மார்ஷல் ஜெஃபர்சன், தமது புகழ்பெற்ற பாடலை ஆக்கிய 1986ஆம் ஆண்டில், சிக்காகோத் தபாற் கந்தோரில் இரவுவேலை பார்த்துக்கொண்டிருந்தார்.