தனக்கென்று ஒரு தடம்

சமுத்திர மட்டத்துக்கு மேல் 1,891 மீற்றர் உயரத்தில், இலங்கையிலேயே மிக உயர்ந்த புகையிரத நிலையமாய் மூடுபனிக்குள் அமர்ந்திருக்கும் பட்டிப்பொலவில், நம் மலையகத்தார் கோச்சி என்று அழைக்கும் பதுளை வண்டி வந்து நிற்கும்போது, சாரதியின் கைக்கு மாறும் பெரிய வளையத்தையும் அதன் பையில் கிடக்கும் ‘டேப்லட்’ என்ற உலோக வில்லையையும் பிரயாணிகள் பலர் பார்த்திருப்பார்கள். அந்த வில்லை கைக்கு வராமல் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி புறப்படலாகாது. அடுத்தடுத்த இரு நிலையங்களின் டேப்லட் யந்திரங்களும் கம்பியால் பிணைந்தவை. இங்குள்ளவர் மணியடித்துக் கேட்க, அங்குள்ளவர் இசைந்து தம் யந்திரத்தை இயக்கினாலன்றி வில்லை வெளிவராது. வெளிவந்தது மறுபடி உள்ளே போகும்வரை இன்னொன்றும் வராது; அதுவரை அத்தடம் அந்த வண்டி ஒன்றுக்கே உரியது.

வங்கிகளும் பெரிய காரியாலயங்களும் மாத வாடகைக்கு எடுக்கும் டிஜிட்டல் ‘லீஸ்ட் லைன்’ என்ற குத்தகைத் தடமும், இவ்வாறே இரு முனைகளுக்கு மட்டும் உரியது; ஆனால் மணியடித்து எவரையும் அழைக்க வேண்டாமல் இரவும் பகலும் திறந்தே கிடப்பது. சம்பளம் வங்கிக்கு வந்த நாளில் ஹட்டனில் பண யந்திரத்தின் முன் வரிசையில் நிற்கும் தோட்டத் தொழிலாளிக்கு, கொழும்போடு அந்த யந்திரம் பேசிக்கொண்டே இருப்பதுதான் முக்கியம்.

இத்தடங்களின் வேகத்துக்கு அளவுகோல் தந்தது மனிதக் குரல் என்பது எனக்கு என்றும் வியப்பு. தொலைபேசிக் குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளாய் எழுதினால் 64,000 பிட்டுகள். அந்த 64 கிலோபிட்டே அடிப்படை அலகாயிற்று. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1962இல் 24 குரல்களை ஒன்றுசேர்த்து 1.544 மெகாபிட் வேகமுள்ள டி1 தடத்தை அமைத்தது. ஐரோப்பாவும் இந்தியாவும் நம் நாடும் கைக்கொண்ட ஈ1இல் 32 அறைகள், 2.048 மெகாபிட். கால ஒழுங்குக்கு ஓர் அறையும் சமிக்ஞைக்கு ஓர் அறையும் போக, 30 பேர் பேசலாம். 2 மெகாபைட் புகைப்படம் 64 கிலோபிட் தடத்தில் நான்கு நிமிஷத்துக்கு மேல் ஊரும்; ஈ1இல் எட்டே விநாடி.

இன்று வீட்டுக்கு வரும் ஃபைபர் இணைப்பு ஈ1ஐப் பன்மடங்கு மிஞ்சுகிறது. எனினும் அது அயலாரோடு பங்கிட்ட பாதையாதலால் மாலை வேளையில் தளரக்கூடும். குத்தகைத் தடமோ போக்கிலும் வரவிலும் ஒரே வேகத்தை ஒப்பந்தத்தில் எழுதித் தருவது. ஆகவே பாடசாலைக்கோ வைத்தியசாலைக்கோ இணைப்பு வாங்கும் பொறுப்பில் இருக்கும் வாசகரே, எவ்வளவு வேகம் என்பதோடு நில்லாமல், அது எத்தனை பேருக்குப் பொது, பழுதானால் எத்தனை மணித்தியாலத்துக்குள் சீராக்குவார்கள் என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.