நினைவிழந்தவர்க்கு நோயில்பூசுதல்

டிமென்ஷியா எனும் மறதிநோய் முற்றியவர்களின் வீட்டில் கேட்கிறார்கள்: "அம்மாவுக்கு ஒன்றுமே புரியலையே சாமி, நோயில்பூசுதல் கொடுக்கலாமா?" தாராளமாக. சுயநினைவோடிருந்த நாளில் மறைமுகமாகவாவது இதை விரும்பியவருக்கு வழங்க வேண்டும் என்கிறது திருஅவைச் சட்டம் 1006. நாள்தோறும் செபமாலை சொன்னவர் வேறென்ன விரும்பியிருப்பார்?

நற்கருணை அப்பத்தை விழுங்க முடியாதவருக்குத் திருஇரத்தம் ஒரு துளி போதும். சட்டம் 925 அதற்கு இடமளிக்கிறது.

இறுதிக் கட்டத்தில் உடலே உணவை ஏற்காதபோது, குழாய்வழி ஊட்டுவதை நிறுத்தலாம், அது கொலையல்ல. 2020-இல் வத்திக்கான் வெளியிட்ட 'சமாரித்தானுஸ் போனுஸ்' மடல் இதைத் தெளிவாக்குகிறது. உதட்டை ஈரத்துணியால் நனைப்பதும் வலியைத் தணிப்பதும் மட்டும் நிற்கக்கூடாது.

மூச்சு இழுக்கும்வரை காத்திராமல் பங்குத்தந்தையை அழையுங்கள். பிறகு நோய் கடுமையானால் மறுபடியும் பூசுவார்.