அதியோஸ் சொல்ல ஒரு பொத்தான்

வாய்ப்பேச்சு வராத குழந்தையின் கைக்கு முதன்முதலாக ஒரு பேச்சுக் கருவி வரும்போது, அதன் முதல் பக்கத்தில் தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், வலிக்குது, போதும் என்று படங்கள் இருக்கும். தொட்டால் குரல் வரும். எல்லாமே தேவையான சொற்கள்தான். ஆனால் வந்தவர்கள் கிளம்பும்போது அவர்களைப் பார்த்துச் சொல்ல அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் எதுவும் இருக்காது.

பேச்சியல் ஆய்வாளர் ஜேனிஸ் லைட் 1988-ல் எழுதிய ஒரு கட்டுரை இத்துறையில் இன்றும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு நான்கு நோக்கங்கள் உண்டு என்றார் அவர். தேவையைக் கேட்பது, தகவல் சொல்வது, நெருக்கத்தை வளர்ப்பது, மரியாதை முறைகளைப் பேணுவது. நம் குழந்தைகளின் கருவிகளில் முதல் நோக்கம் மட்டும் நிரம்பி வழிகிறது. நெருக்கத்துக்கும் முறைக்கும் உரிய சொற்கள் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன, அல்லது ஏற்றப்படுவதே இல்லை. விடைபெறும் சொல் அந்த இரண்டுக்கும் உரியது.

ஒரு வயதை நெருங்கும் குழந்தை கையசைத்து டாட்டா காட்டுவதை வளர்ச்சியின் அடையாளங்களில் ஒன்றாக மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அதற்கு நாம் தரும் பயிற்சியும் கொஞ்சமல்ல. "மாமாவுக்கு டாட்டா சொல்லு, பாட்டிக்கு டாட்டா சொல்லு" என்று ஒவ்வொரு வாசலிலும், ஒவ்வொரு ஆட்டோ கிளம்பும்போதும் சொல்லிக்கொடுக்கிறோம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு இந்த வாசல் பாடம் வேறு மாதிரி நடக்கிறது. அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டுகிறார். "தம்பி டாட்டா சொல்றான் பாருங்க" என்று அவரே குரலும் கொடுக்கிறார். அன்பினால் செய்வதுதான். ஆனால் கையும் அவனுடையதாக அசையவில்லை, குரலும் அவனுடையதில்லை. பத்து வயதிலும் அப்படியே தொடர்ந்தால், அவன் யாரையும் தானாக வழியனுப்பியதே இல்லை என்று ஆகிவிடுகிறது.

இந்தத் துறையில் சென்னைக்கு நல்ல வரலாறு உண்டு. கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர், 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்பு. பேசாத குழந்தைகளுக்காகப் படப் பலகைகளையும் கருவிகளையும் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் இடம். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஐஐடி. அங்கே படித்த அஜித் நாராயணன் வித்யாசாகரோடு சேர்ந்து பணியாற்றி 'ஆவாஸ்' என்ற பேச்சுக் கருவியை உருவாக்கினார். கையை நினைத்தபடி அசைக்க முடியாதவர்களும் ஒரே ஒரு சுவிட்சைத் தட்டி இயக்கலாம் என்பது அதன் சிறப்பு. 2010-ல் அதற்குத் தேசிய விருது கிடைத்தது. 2011-ல் எம்ஐடியின் 'டெக்னாலஜி ரிவ்யூ' இதழ் 35 வயதுக்கு உட்பட்ட சிறந்த கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. பிறகு ஆவாஸ் டேப்லெட் செயலியாகி, தமிழுக்கும் வந்தது. கருவிகளை நேரில் பார்க்க, தொட்டு இயக்க விரும்புகிறவர்கள் மெரினாவுக்கு எதிரே காமராஜர் சாலையில் 2022 முதல் இயங்கும் 'மியூசியம் ஆஃப் பாசிபிலிடிஸ்' போய்வரலாம்.

அந்த ஒற்றைச் சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். திரையில் நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக இறங்கி வரும். வேண்டிய வரிசைக்கு வந்ததும் குழந்தை தலையாலோ முழங்கையாலோ சுவிட்சைத் தட்ட வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் கட்டம் கட்டமாக வெளிச்சம் நகரும், மறுபடி தட்ட வேண்டும். நகர்வுக்கு ஒரு நொடி என்றால், மூன்றாம் வரிசையின் நான்காவது கட்டத்தைப் பிடிக்க ஏழு நொடி. விடைபெறும் சொல் வேறொரு பக்கத்துக்குள் இருந்தால், பக்கத்தைத் திறக்க ஏழு, சொல்லைப் பிடிக்க ஏழு, ஆகப் பதினான்கு நொடி. ஒரு தட்டு தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல குழந்தைகளுக்கு ஒரு நொடி போதாது, இரண்டோ மூன்றோ தேவைப்படும். தி.நகர் அடுக்ககத்தின் வாசலில் விருந்தாளி செருப்பை மாட்டிக்கொண்டு, "சரி, வரட்டுமா?" என்று கேட்டு, லிஃப்டுக்குள் நுழைய அவ்வளவு நேரம் ஆகாது. குழந்தையின் குரல் மூடிய கதவுக்குத்தான் கேட்கும்.

வாய்ப்பேச்சில் நிமிடத்துக்குச் சுமார் 150 சொற்கள் வந்துவிழுகின்றன. ஸ்டீபன் ஹாக்கிங் கையில் ஒரு சுவிட்சை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு 15 சொற்கள் வரை பேசினார். ஒற்றைச் சுவிட்சுக்கு அது மிக நல்ல வேகம். தண்ணீர் கேட்பதற்குத் தாமதமானால் தாகம் காத்திருக்கும். விடைபெறுதல் காத்திருக்காது. எனவே அந்தச் சொல் எந்தப் பக்கம் திறந்திருந்தாலும் மாறாமல், முதல் வரிசையில் முதல் கட்டத்தில் நிற்க வேண்டும். அங்கே இருந்தால் இரண்டே நொடி. விரலால் தொடும் குழந்தைக்கும் இடம் மாறாமல் இருப்பது முக்கியம். தட்டச்சு பழகிய கை எழுத்தைத் தேடாததுபோல, இடம் நிலையாக இருந்தால் விரல் தானே அங்கே போகும்.

இனித் தமிழுக்கே உரிய சிக்கல். இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. 'நான்' படம், 'போ' படம் இரண்டையும் அடுத்தடுத்துத் தொட்டால் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ஒரு வாக்கியம் வந்துவிடும். தமிழில் வினைச்சொல் திணை, பால், எண், இடம், மரியாதை எல்லாவற்றையும் வாலில் சுமந்து வருகிறது. போறேன், போறோம், போறே, போறீங்க, போறான், போறா, போறாரு, போறாங்க, போகுது. நிகழ்காலத்துக்கு மட்டுமே ஒன்பது. இவ்வளவையும் கட்டங்களில் அடைக்க முடியாமல், பல கருவிகளில் வேர்ச்சொல் மட்டும் நிற்கிறது. நிலைப்படியில் நிற்கும் பாட்டியைப் பார்த்துக் குழந்தை 'போ' என்ற பொத்தானைத் தொட்டால் என்ன ஆகும்? அவன் பாசத்தோடு சொல்ல வந்தது விரட்டுவதுபோல் கேட்கும். 'போறேன்' என்று இருந்தாலும் நம் வீடுகளில் வாசலில் நின்று யாரும் அதைச் சொல்ல விடமாட்டார்கள். 'போயிட்டு வரேன்' என்றுதான் இருக்க வேண்டும். அதுவும் கிளம்புகிறவர் சொல்வது. வீட்டில் இருப்பவர் சொல்ல வேண்டியது 'போயிட்டு வாங்க'. தம்பியாக இருந்தால் 'போயிட்டு வா'. ஒரு விடைபெறலுக்கு மூன்று பொத்தான்கள், அவற்றில் எதை யாருக்கு என்ற முடிவு, அதுவும் லிஃப்ட் வருவதற்குள்.

அஜித் நாராயணன் 2013-ல் டெட் மேடையில் விளக்கிய 'ஃப்ரீஸ்பீச்' முயற்சி இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்த்தது. யார், எதை, எப்போது என்ற கேள்விகளால் படங்களை இணைத்துவிட்டால், இலக்கணத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை. வாக்கியங்களுக்கு அது அருமையான வழி. வாசலில் நிற்கும் அவசரத்துக்கு அதைவிட எளிய ஒன்று வேண்டும்.

இங்கேதான் 'அதியோஸ்' என்ற ஸ்பானிஷ் சொல்லுக்காக வாதாட விரும்புகிறேன். விடைபெறும்போது சொல்வது. அதற்குத் திணை இல்லை, பால் இல்லை, காலம் இல்லை, மரியாதை விகுதி இல்லை. கிளம்புகிறவரும் சொல்லலாம், இருக்கிறவரும் சொல்லலாம். 'டாட்டா', 'பை' இரண்டுக்கும் இதே வசதி உண்டே என்று கேட்கலாம். உண்டு, அவையும் இருக்கட்டும். ஆனால் டாட்டா கைக்குழந்தையின் சொல். பதினொரு வயதுப் பையன் தன் வயதொத்தவர்களிடம் அதைச் சொல்ல விரும்பமாட்டான். அவனுடைய அக்காவும் அத்தை மகனும் மெஸ்ஸியின் ஆட்டத்தைப் பார்த்து, வீடியோ கேம் ஆடி, எங்கிருந்தெல்லாமோ சொற்களைப் பொறுக்கி வருகிறார்கள். யாரும் அவர்களுக்குப் பட்டியல் போட்டுத் தரவில்லை. கருவியால் பேசும் குழந்தைக்கோ, பெரியவர் ஒருவர் உட்கார்ந்து ஏற்றித் தந்த சொல் மட்டும்தான் உண்டு. அவன் காதில் விழுந்து பிடித்துப்போன சொல்லை நாம் ஏற்றாவிட்டால், அது அவன் வாயில் வரவே வராது. அன்றாடத்துக்கு உதவாத சொல்லுக்கு எதற்கு ஒரு கட்டம் என்று சில தெரபிஸ்டுகள் கேட்பார்கள். அன்றாடப் பேச்சின் பெரும்பகுதியைச் சில நூறு சொற்களே சுமக்கின்றன, அவற்றுக்கு முதலிடம் தர வேண்டும் என்பது சரியான கருத்துதான். ஆனாலும் பாட்டிக்குப் 'போயிட்டு வரேன்', வேன் டிரைவர் அண்ணனுக்கு 'பை', அத்தை மகனுக்கு 'அதியோஸ்' என்று ஆளுக்கேற்பப் பிரித்துச் சொல்லும் குழந்தை, மொழியின் மிக நுட்பமான வேலையைச் செய்கிறது. கட்டம் ஒன்றே ஒன்று செலவாகிறது. கொடுக்கலாம்.

அதைக் கருவியில் ஏற்றும்போது ஒரு நுணுக்கம். 'அடியோஸ்' என்று தட்டினால் தமிழ்க் குரல் அழுத்தமான டகரத்தோடு, 'அடி' என்று தொடங்கிச் சொல்லும். ஸ்பானிஷ் மொழியில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் அந்த மெய் மென்மையானது. நாக்கு பல்லை லேசாகத் தொட்டும் தொடாமலும் எழும் ஒலி. 'அது' என்று சொல்லும்போது நம் தகரம் அப்படித்தான் ஒலிக்கிறது. எனவே 'அதியோஸ்' என்று தட்டினால் தமிழ்க் குரலிலிருந்தே ஏறக்குறையச் சரியான உச்சரிப்பு கிடைத்துவிடும். பல செயலிகளில் பொத்தானின் மேல் தெரியும் எழுத்தையும் அது பேசும் ஒலியையும் தனித்தனியே அமைக்கலாம்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய மொழிகளுக்கு எழுத்தைப் பேச்சாக்கும் தொழில்நுட்பத்தில் சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி தலைமையில் நடந்த பணி பெரிது. இருந்தாலும் கருவிகளில் கிடைக்கும் தமிழ்க் குரல்கள் பெரும்பாலும் பெரியவர்களுடையவை, நடையும் செய்தி வாசிப்பின் நடை. எட்டு வயதுச் சிறுமி பேசினால் நாற்பது வயதுக் குரல் வருகிறது. அமெரிக்காவில் ரூபல் படேல் 2014-ல் தொடங்கிய 'வோகலிட்' நிறுவனம், பேச முடியாதவர் எழுப்பும் ஒலியையும் கொடையாளர் ஒருவரின் பேச்சையும் கலந்து தனிக் குரல் செய்துதரும் வழியைக் காட்டியது. விடைபெறும் சொல்லுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அதே வயதுடைய அத்தை மகளையோ பக்கத்து வீட்டுத் தோழியையோ பேசவைத்துப் பதிவுசெய்து, அந்தப் பொத்தானில் போட்டுவிடலாம்.

கற்றுக்கொடுப்பதில் ஒரே விதிதான் கடினம். 'சொல்லு, சொல்லு' என்று கேட்கக் கூடாது. பெரியவர்கள் தாங்களே அந்தப் பொத்தானைத் தொட்டுப் பேச வேண்டும். தெரபிஸ்டுகள் இதை மாடலிங் என்பார்கள். பேசும் குழந்தை ஒரு வருடம் முழுக்க நம் பேச்சைக் கேட்ட பிறகுதான் முதல் சொல்லைச் சொல்கிறது. தன் மொழியை, அதாவது தொட்டுப் பேசும் மொழியை, வேறு யாருமே பேசிப் பார்க்காத குழந்தையிடம் உடனே பதிலை எதிர்பார்ப்பது நியாயமில்லை. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பூக்கார அம்மாவிடம் பூ வாங்கிவிட்டு நகரும்போது, அப்பா குழந்தையின் டேப்லெட்டைத் தொட்டு 'போயிட்டு வரேம்மா' என்று சொல்லட்டும். பள்ளி வேன் கிளம்பும்போது ஆயா அம்மா தொடட்டும். தொட்ட பிறகு ஒருவரும் அவசரப்படாமல் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். விடைபெறுதல் நாளுக்குப் பலமுறை நடக்கிறது, எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிகிறது, சொன்னவுடன் எதிரில் இருப்பவர் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். பாடத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. பாண்டி பஜார் இரைச்சலில் டேப்லெட்டின் ஒலி அமுங்கும், பெசன்ட் நகர் கடற்கரை வெயிலில் திரை தெரியாது. அதனால் லேமினேட் செய்த அட்டை ஒன்றிலும் அதே படங்கள், அதே இடங்களில் இருப்பது நல்லது.

பெற்றோர் இரண்டு பயங்களைச் சொல்வார்கள். கருவியைப் பழகினால் இருக்கிற கொஞ்சம் வாய்ப்பேச்சும் போய்விடுமோ என்பது ஒன்று. 2006-ல் மில்லர், லைட், ஷ்லோசர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டோடு நடந்த ஆய்வுகளில் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குப் பேச்சு கூடியிருந்தது. பலருக்கு அந்த முன்னேற்றம் சிறியதுதான், ஆனால் இழப்பு இல்லை. இரண்டாவது, பல மொழி குழப்பிவிடுமோ என்பது. அடையாற்றில் ஒரு வீட்டில் தமிழ், எதிர் வீட்டில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். மற்ற குழந்தைகள் வளரும் இந்தச் சூழலிலிருந்து இவர்களை மட்டும் பிரித்து ஒற்றை மொழிக்குள் அடைப்பதால் பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

ஒருநாள் தெரபி வகுப்பின் நடுவே குழந்தை அந்தப் பொத்தானைத் தொடுவாள். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம் இருக்கும். வகுப்பு அலுத்துவிட்டது, நீங்கள் கிளம்பலாம் என்று அவள் சொல்கிறாள். அப்போது கருவியை வாங்கி மேசை மேல் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வது, பேசுகிற குழந்தையின் வாயைப் பொத்துவதற்குச் சமம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'தொடர்பாடல்' என்பதை வரையறுக்கும்போது பிரெயில், சைகை மொழியோடு, பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் அமையும் இத்தகைய முறைகளையும் சேர்த்தே சொல்கிறது. அவள் தொட்டுச் சொன்னதும் சட்டப்படி பேச்சுதான். புத்தகத்தை மூடிவிட்டு, அதே பொத்தானைத் தொட்டு அவளுக்குப் பதில் அதியோஸ் சொல்லுங்கள். மீதி இருபது நிமிடத்தை என்ன செய்யலாம் என்று பிறகு அவளிடமே கேட்கலாம்.