சொகுசுக் கப்பலில் இருந்து இறங்கி மும்பையில் ஓரிரவு: அறை எங்கே எடுப்பது?

மும்பை: கோவா, லட்சத்தீவு, கொச்சி எனச் சில நாள்கள் கடலில் சுற்றிவிட்டு மும்பை திரும்பும் சொகுசுக் கப்பல் பயணிகளில், அன்றே ஊர் திரும்பாமல் ஓரிரு இரவுகள் நகரைப் பார்த்துச் செல்ல விரும்புவோர் உண்டு. விடுதி தேடும்போது அவர்கள் கண்ணில் முதலில் படுவது நட்சத்திரத் தரமும் காலை உணவும் நீச்சல் குளமும்தான். ஆனால் மும்பையில் முதலில் பார்க்க வேண்டியது ஊரின் வரைபடத்தை. கப்பல் நிற்கும் இடம் நகரின் தென்கோடியில் இருக்கிறது; விமான நிலையம் அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. இடையில் உள்ள போக்குவரத்தைக் கணக்கில் கொள்ளாமல் எடுத்த அறை, எவ்வளவு நல்ல அறையாக இருந்தாலும் ஒரு முழுப் பகலை விழுங்கிவிடும்.

உள்நாட்டுச் சொகுசுக் கப்பல் பயணம் அண்மை ஆண்டுகளில் பரவலானது. 2021 செப்டம்பரில் கோர்டீலியா நிறுவனம், ஐஆர்சிடிசியுடன் இணைந்து மும்பையில் இருந்து பயணச் சேவையைத் தொடங்கியது. கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை 2029-க்குள் இரட்டிப்பாக்கும் நோக்குடன் 'குரூஸ் பாரத்' இயக்கத்தை மத்திய அரசு 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி மும்பைத் துறைமுகத்தில் தொடங்கியது. அதற்கடுத்த ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி, இந்திரா டாக் பகுதியில் கட்டப்பட்ட மும்பை சர்வதேசக் கப்பல் பயண முனையத்தைப் பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார். முனையம் புதியது என்றாலும் அமைந்திருக்கும் இடம் பழைய பல்லார்ட் பியர் வட்டாரம்தான். சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் எனப்படும் சிஎஸ்எம்டி ரயில் நிலையம் அங்கிருந்து டாக்சியில் சில நிமிடத் தொலைவு.

காலையில் எளிது, மாலையில் கடினம்

மும்பையின் நெரிசலுக்கு ஒரு திசை உண்டு. காலையில் மக்கள் வெள்ளம் வடக்குப் புறநகர்களில் இருந்து தெற்கு நோக்கிப் பாய்கிறது. மாலையில் அதே வெள்ளம் வடக்கே திரும்புகிறது. புறநகர் ரயில்களுக்கும் சாலைகளுக்கும் இது பெருமளவு பொருந்தும். கப்பல் பெரும்பாலும் காலையில் கரை சேர்வதால், இறங்கியவுடன் வடக்கே செல்பவர் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் செல்கிறார். பயணம் ஓரளவு எளிதாக முடிகிறது. அதே நபர் தெற்கு மும்பையில் பகலைக் கழித்துவிட்டு மாலை 6 மணிக்குப் பெட்டிகளுடன் புறப்பட்டால், அலுவலகம் முடிந்து வீடு திரும்புவோர் அனைவரோடும் சேர்ந்துதான் நகர வேண்டும். சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் விமான நிலையப் பயணம், அந்த வேளையில் இரண்டு மணி நேரம் வரை நீளக்கூடும்.

எனவே, கப்பலில் இருந்து எப்போது இறங்குகிறோம் என்பதைவிட, நகரை விட்டு எப்போது, எங்கிருந்து புறப்படுகிறோம் என்பதே அறையின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். அடுத்த நாள் நண்பகலிலோ பிற்பகலிலோ விமானம் என்றால் தெற்கு மும்பையில் தங்குவதில் தயக்கம் தேவையில்லை. மாலை விமானம் என்றால் நெரிசல் தொடங்கும் முன்பே தெற்குப் பகுதியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அதிகாலை விமானம் என்றால், முந்தைய இரவை விமான நிலையத்துக்கு அருகே கழிப்பது முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உகந்தது. மற்றவர்கள் தெற்கிலேயே தூங்கி, வெறிச்சோடிய சாலையில் விடியலுக்கு முன் டாக்சியில் செல்லலாம். அந்நேரத்தில் மும்பை வேறொரு நகரம்.

கணக்கை மாற்றிய மெட்ரோ

அண்மைக் காலம் வரை, விமானத்தைத் தவற விடக்கூடாது என்ற அச்சத்திலேயே கப்பல் பயணிகள் அந்தேரியில் அறை எடுத்தனர். 2025 அக்டோபரில் மெட்ரோ மூன்றாம் வழித்தடம் முழுமையாகத் திறக்கப்பட்டது இந்த நிலையை மாற்றியிருக்கிறது. ஆரேயில் இருந்து கஃப் பரேட் வரை 33.5 கிலோமீட்டர் நீளம், 27 நிலையங்கள் கொண்ட இந்தத் தடம் ஏறக்குறைய முழுவதும் நிலத்தடியில் ஓடுகிறது. தெற்கில் சிஎஸ்எம்டி, ஹுதாத்மா சௌக், சர்ச்கேட், விதான் பவன் ஆகிய இடங்களில் நிலையங்கள் உள்ளன. வடக்கில் விமான நிலையத்தின் முதல் முனையத்துக்கும் இரண்டாம் முனையத்துக்கும் தனித்தனி நிலையங்கள் இருக்கின்றன. அதிகபட்சக் கட்டணம் 70 ரூபாய். சிஎஸ்எம்டியில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தை அடையலாம். சாலையில் என்ன நெரிசல் என்று கவலைப்பட வேண்டியதில்லை.

ஆகவே தெற்கு மும்பையில் விடுதி தேடுவோர், 'கடலுக்கு அருகில்' என்ற விளம்பரத்தைவிட இந்த நிலையங்களில் ஏதேனும் ஒன்றுக்கு எவ்வளவு அருகில் என்பதைப் பார்ப்பது பயன் தரும். இதற்கும் வரம்பு உண்டு. மெட்ரோ காலை 6 மணியளவில்தான் தொடங்குகிறது. இரவு பத்தரை மணி வாக்கில் நின்றுவிடுகிறது. ஒருவருக்கு ஒரு பெட்டி என்றால் சிக்கலில்லை. குடும்பத்துக்கு ஆறு பெட்டிகள் என்றால் டாக்சியே வழி.

டாக்சி என்று குறிப்பிடுவதற்குக் காரணம், தெற்கு மும்பையில் ஆட்டோ கிடையாது. பாந்த்ரா, சியோன் ஆகியவற்றுக்குத் தெற்கே ஆட்டோக்களுக்கு அனுமதி இல்லை என்பது முதன்முறை வருவோர் பலருக்குத் தெரிவதில்லை. கருப்பு-மஞ்சள் டாக்சிக்கு 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய். துறைமுக வாயிலில் மீட்டருக்கு மறுத்து மொத்தத் தொகை கேட்டால், செயலி வழியாக வண்டி அழைத்துக்கொள்ளலாம்.

எந்த விமான நிலையம்?

2025 இறுதி வரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. நவி மும்பை சர்வதேச விமான நிலையம் அந்த ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டு, டிசம்பர் 25-ஆம் தேதி பயணிகள் சேவை தொடங்கியது. இப்போது விமானச் சீட்டில் 'மும்பை' என்ற சொல்லை மட்டும் பார்த்து விடுதி எடுத்தால் ஆபத்து. பழைய விமான நிலையத்தின் குறியீடு பிஓஎம். நவி மும்பையின் குறியீடு என்எம்ஐ. உல்வே பகுதியில் உள்ள புதிய விமான நிலையத்தில் இருந்து புறப்படுபவர் அந்தேரியில் தங்கினால், 'விமான நிலையத்துக்கு அருகில்' என்று காசு கொடுத்துத் தொலைவை வாங்கியவர் ஆவார்.

இவர்களுக்கும் தெற்கு மும்பையே வசதி. துறைமுகப் பகுதியில் இருந்து கிழக்கு விரைவுப் பாதை வழியாகச் செவ்ரியை அடைந்து, 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட 21.8 கிலோமீட்டர் நீள அடல் சேது கடற்பாலத்தில் ஏறினால் மறுகரை நவி மும்பைதான். பாலத்துக்குச் சுங்கக் கட்டணம் உண்டு என்பதால், வண்டி பேசும்போதே அது கட்டணத்தில் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ரயிலில் திரும்புவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மும்பையில் இருந்து தமிழகம் செல்லும் ரயில்கள் அனைத்தும் ஒரே நிலையத்தில் புறப்படுவதில்லை. நாகர்கோவில் விரைவு ரயில் சிஎஸ்எம்டியில் இருந்தும், கோவை விரைவு ரயில் குர்லா அருகே உள்ள லோக்மான்ய திலக் டெர்மினஸில் இருந்தும் கிளம்புகின்றன. முன்னதில் செல்பவர் கோட்டைப் பகுதி விடுதியில் இருந்து நடந்தே போய்விடலாம். பின்னதில் செல்பவருக்கு அந்த அறையின் அருமை பாதிதான்.

தெற்கிலும் மூன்று முகங்கள்

தெற்கு மும்பை என்று முடிவான பிறகும் பல்லார்ட் எஸ்டேட், கொலாபா, மரைன் டிரைவ் மூன்றும் ஒன்றல்ல.

பல்லார்ட் எஸ்டேட்டும் அதை ஒட்டிய கோட்டைப் பகுதியும் அலுவலகங்களின் ஊர். கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்தான் பல்லார்ட் எஸ்டேட்டின் கட்டடங்களுக்கும் உருவம் கொடுத்தவர். கப்பல் முனையத்துக்கு மிக அருகில் இருப்பதும், வார இறுதியில் அமைதியாக இருப்பதும் இதன் சிறப்பு. அந்த அமைதிக்கு விலையும் உண்டு: ஞாயிற்றுக்கிழமை இரவு சாப்பிட இடம் தேடி அலைய நேரிடலாம். 1923 முதல் இயங்கும் பிரிட்டானியா என்ற புகழ்பெற்ற இரானி உணவகம் இங்குதான் இருக்கிறது, ஆனால் அது மதிய உணவுக்கான கடை. குறைந்த கட்டண விடுதிகள் பல, பழைய கட்டடங்களின் மேல் தளங்களில் இயங்குகின்றன. மின்தூக்கி இருக்கிறதா, அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் தொலைபேசியில் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

கொலாபாவில் இரவு வெகுநேரம் வரை கடைகள் திறந்திருக்கும். 1903-இல் திறக்கப்பட்ட தாஜ் மஹால் விடுதியும், அதன் பின்புறச் சந்துகளில் எளிய விடுதிகளும் சில நூறு அடி இடைவெளியில் இருக்கும் வினோதம் இங்கே உண்டு. நடந்தே ஊர் பார்க்க விரும்புவோருக்கு இதுவே சிறந்த இடம். யுனெஸ்கோ பட்டியலில் 2018-இல் சேர்ந்த ஓவல் மைதானத்தைச் சுற்றிய விக்டோரியன் மற்றும் ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதி நடை தூரத்தில் உள்ளது. 2004-இல் சேர்ந்த சிஎஸ்எம்டி நிலையமும் தொலைவில்லை. எலிஃபண்டா குகைகளுக்கான படகுகள் கேட்வேயில் இருந்து புறப்படுகின்றன. திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. தங்கும் ஒரே நாள் திங்கள் என்றால் இதற்காகக் கொலாபாவைத் தேர்ந்தெடுப்பது வீண்.

மரைன் டிரைவில் கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் கட்டணம் வாங்குகின்றனர். பல நாள்கள் கடலை மட்டுமே பார்த்துவிட்டு வருபவருக்கு அது தேவையா என்பது அவரவர் விருப்பம். சாலையைக் கடந்தால் அதே கடலைக் கட்டைச்சுவரில் அமர்ந்து இலவசமாகப் பார்க்கலாம்.

முன்பதிவுத் தளங்களில் 'மும்பைத் துறைமுகத்துக்கு அருகில்' என்ற வரியை அப்படியே நம்பக்கூடாது. துறைமுக நிலங்கள் பல்லார்ட் பியரில் தொடங்கி மஜ்காவ், செவ்ரி, வடாலா வரை நகரின் கிழக்குக் கரை நெடுகப் பரந்துள்ளன. வடாலாவில் உள்ள விடுதியும் துறைமுகத்துக்கு அருகில்தான், கப்பலுக்கு அருகில் அல்ல.

அறை கிடைக்கும் நேரம்

கப்பல் காலை 7 மணிக்குக் கரை சேர்ந்தால், பயணிகள் குழு குழுவாக வெளியேறி 9, 10 மணிக்குள் வாயிலுக்கு வந்துவிடுவர். விடுதிகளோ அறையைப் பொதுவாக நண்பகல் 12 மணிக்கோ பிற்பகல் 2 மணிக்கோதான் கொடுக்கின்றன. இடைப்பட்ட நேரத்தில் களைத்த குடும்பம் வரவேற்பறையில் பெட்டிகளோடு உட்கார்ந்திருப்பது வழக்கமான காட்சி. முன்கூட்டியே அறை தர முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, தர முடியாவிட்டால் பெட்டிகளை வைத்துக்கொள்வார்களா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். காலையிலேயே அறை கட்டாயம் வேண்டும் என்ற நிலையில் இருக்கும் நோயாளிகளும் கைக்குழந்தை வைத்திருப்போரும் முந்தைய இரவுக்கும் சேர்த்து முன்பதிவு செய்தால்தான் உறுதி. அப்போது, தாமதமாக வருவோம் என்ற தகவலைச் சொல்லி வைக்க வேண்டும். இல்லையேல் வராதவர் கணக்கில் சேர்த்து அறையை ரத்து செய்துவிட வாய்ப்புண்டு.

வானிலையால் கப்பல் அட்டவணை மாறக்கூடும் என்பதால், பணம் திரும்பாத மலிவு விலை அறையைவிட, ரத்து செய்யும் வசதியுள்ள அறைக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவதே பாதுகாப்பு.

நூறு ரூபாயில் ஆயிரம் ரூபாய் வித்தியாசம்

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 5 சதவீத வரி. அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு வரியுடன் 7,875 ரூபாய் ஆகிறது. 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய் ஆகிறது. வாடகையில் 100 ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,093 ரூபாயாகிறது. எல்லைக்கு அருகில் உள்ள இரண்டு விடுதிகளை ஒப்பிடும்போது வரி சேர்ந்த தொகையைப் பார்ப்பது அவசியம். உணவு பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்ற நுகர்வோர் ஆணையத்தின் வழிகாட்டுதலை 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்திருப்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

அறையில் தங்கும் வயது வந்தோர் ஒவ்வொருவரும் முகவரியுடன் கூடிய அடையாள அட்டை காட்ட வேண்டும் என்பதே பெரும்பாலான விடுதிகளின் விதி. பான் அட்டையில் முகவரி இல்லாததால் அதை ஏற்பதில்லை. முந்தைய இரவே பெட்டிகளைக் கப்பல் ஊழியர்களிடம் ஒப்படைக்கச் சொன்னால், அடையாள அட்டையையும் மருந்துகளையும் கைப்பையில் எடுத்து வைத்துக்கொள்ள மறக்கக் கூடாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் உடன் வந்தால், அவரைப் பற்றிய விவரத்தை விடுதி 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த நடைமுறைக்குத் தயாராக இல்லாத சிறிய விடுதிகள் அவர்களுக்கு அறை தர மறுப்பதுண்டு என்பதால், பதிவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இரவு தங்க வேண்டியதில்லை, மாலை ரயில் வரை குளித்து ஓய்வெடுத்தால் போதும் என்போருக்கு விடுதியே தேவைப்படாது. உறுதியான ரயில் பயணச்சீட்டு வைத்திருப்போர் அதன் பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு ஐஆர்சிடிசி தளத்தில் ரயில் நிலைய ஓய்வறையை முன்பதிவு செய்யலாம். 2021 நவம்பரில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில், ஒருவர் படுத்துறங்கும் அளவிலான 'பாட்' அறைகள் கொண்ட விடுதியும் தொடங்கப்பட்டது. தனியாகப் பயணிப்பவருக்கு அது போதும். பெட்டிகளோடு வரும் குடும்பத்துக்கு ஓய்வறையே வசதி.